ஹஃப்யா முதல் பாலாறு வரை: ஓட்டமும் பயிற்சியும்



அஸர் தொழுகை முடிந்ததும் நம் மதரஸா மாணவர்கள் பாலாற்று மணலுக்கு ஓடிவிடுவார்கள். நீரற்ற அந்த ஆற்றுப்படுகையே அவர்களின் மைதானம். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று யாரும் அளப்பதில்லை. மூச்சு வாங்கினால் நிற்பார்கள். மனம் வந்தால் மீண்டும் ஓடுவார்கள். மஃரிபுக்கு பாங்கு சொல்லும் வரை இது நடக்கும்.

சில ஆண்டுகளாகப் பெற்றோர் சிலர் நம்மிடம் ஒரு கேள்வியை முன்வைக்கிறார்கள். பிள்ளைகளை இப்படி விருப்பம்போல் ஓட விடுவது போதுமா, அல்லது நாள் குறித்து, தூரம் குறித்து, முறையான பயிற்சி தர வேண்டுமா என்பதே அது. தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். அந்தத் தேர்வை எழுத விரும்பும் பிள்ளைகள் நம் வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வட்டாரத்திலும் இருக்கிறார்கள். ஆகவே இது பொழுதுபோக்குக் கேள்வி அன்று. ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரத்தைத் தொடும் கேள்வி.

இதற்கு விடை தேடி நாம் வரலாற்றைப் புரட்டியபோது, நம் முன்னோர் இந்த இரண்டு வழிகளையும் நன்கு அறிந்திருந்தனர் என்பதைக் கண்டோம். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

மதீனா மணலில் நடந்த ஓட்டங்கள்

நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்ததை அபூதாவூத் நூலில் இடம்பெறும் ஹதீஸ் தெரிவிக்கிறது. முதல் முறை அன்னையார் முந்தினார்கள். காலம் சென்று, அன்னையாரின் உடல் சற்றே சதைபோட்ட பின்னர், மற்றொரு பயணத்தில் மீண்டும் ஓடினார்கள். இம்முறை நபி (ஸல்) அவர்கள் முந்தி, முன்பு தோற்றதற்கு இது ஈடாயிற்று என்று கூறினார்கள். இந்த ஓட்டத்தில் திட்டமும் இல்லை, பரிசும் இல்லை. கணவன் மனைவிக்கிடையே இருந்த இனிமையின் வெளிப்பாடு அது. உடல் கனத்தால் ஓட்டம் தளரும் என்ற உண்மையும் அதில் எந்தக் கூச்சமுமின்றிச் சொல்லப்பட்டிருக்கிறது.

இரண்டாவது நிகழ்வு ஸலமா இப்னு அக்வஃ (ரலி) அவர்களுடையது. நபித்தோழர்களில் காலோட்டத்திற்குப் பெயர் பெற்றவர் அவர். கைபர் போருக்குச் சற்று முன்பு, நபி (ஸல்) அவர்களின் ஒட்டகங்களைக் கொள்ளையர் ஓட்டிச் சென்றபோது, ஸலமா (ரலி) கால்நடையாகவே அவர்களைத் துரத்தி, அம்பெய்து அலைக்கழித்து, ஒட்டகங்களை மீட்டார்கள். தூ கரத் என அறியப்படும் அந்த நிகழ்வை ஸஹீஹ் முஸ்லிமில் அவரே விவரிக்கிறார்.

மதீனா திரும்பும் வழியில், ஓட்டத்தில் எவரிடமும் தோற்றிராத அன்சாரித் தோழர் ஒருவர், தம்மோடு போட்டியிட யாரேனும் உண்டா என்று அறைகூவல் விடுத்தார். ஸலமா (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் அனுமதி பெற்று இறங்கினார்கள். இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஓட்டம் தொடங்கியதும் அவர் முழு வேகத்தில் பாய்ந்துவிடவில்லை. ஒன்றிரண்டு மேடுகள் கடக்கும்வரை, தம் மூச்சைக் காத்துக்கொள்வதற்காக வேகத்தை அடக்கி வைத்ததாக அவரே சொல்கிறார். பிறகு வேகத்தைக் கூட்டி அன்சாரியை எட்டிப் பிடித்து, அவருடைய தோள்களுக்கிடையே தட்டி, முந்திவிட்டதை அறிவித்தார்.

அவருக்குப் பயிற்சியாளர் இருந்ததாக எங்கும் செய்தி இல்லை. பாலைவனத்தில் ஓடி ஓடி, தம் உடலின் அளவைத் தாமே அறிந்தவர் அவர். கட்டற்ற ஓட்டம் ஒருவருக்குத் தரக்கூடிய உயர்ந்த கல்வி அதுவே.

ஹஃப்யாவின் குதிரைகள்

முறையான பயிற்சிக்கும் அதே மதீனாவில் சான்று உண்டு. இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியபோது குதிரைகளை இரு வகையாகப் பிரித்தார்கள். பயிற்சியால் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதாஉ வரை ஓட்டம். அறிவிப்பாளர் சுஃப்யான் அவர்களின் கணக்குப்படி அது 5 அல்லது 6 மைல். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாஇலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை. அது ஒரு மைல் மட்டுமே. இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்போட்டியில் குதிரை ஓட்டியவர்களில் ஒருவர். அவருடைய குதிரை அவரைச் சுமந்தபடி பள்ளிவாசலின் சுவரைத் தாண்டியதாகவும் ஓர் அறிவிப்பு உண்டு.

குதிரையைப் பயிற்றும் அம்முறைக்கு அரபியில் இள்மார் அல்லது தள்மீர் என்று பெயர். ஹதீஸ் விரிவுரையாளர்கள் அதை விளக்குகிறார்கள். முதலில் குதிரைக்கு நன்றாகத் தீனி கொடுத்து வலுவேற்றுவார்கள். பிறகு தீனியைப் படிப்படியாகக் குறைத்து, உயிர்வாழத் தேவையான அளவுக்குக் கொண்டுவருவார்கள். ஓர் அறையில் கட்டி, மேலே துணி போர்த்தி வியர்க்க வைப்பார்கள். வியர்வை வற்றும்போது வீண் சதை கரைந்து, உடல் இறுகி, நெடுந்தூரம் ஓடும் ஆற்றல் வரும். இதற்கு நாற்பது நாட்கள் ஆகும் என்று அகராதி ஆசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இந்த ஹதீஸை நாம் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். பள்ளிவாசலை ஒரு குலத்தின் பெயரால் அழைக்கலாமா என்ற சட்டத்தை அதிலிருந்து எடுத்துச் சொல்வோம், மேற்கொண்டு சென்றுவிடுவோம். ஆனால் ஓட்டத்தைப் பற்றிய பெரிய பாடம் அதில் இருக்கிறது. பயிற்சி பெற்றதையும் பெறாததையும் ஒரே தூரத்தில் ஓட விடவில்லை. பயிற்சி பெறாத குதிரையைப் போட்டியிலிருந்து விலக்கவும் இல்லை. அதனதன் தகுதிக்கேற்ற எல்லை வகுக்கப்பட்டது. இந்தப் பாடத்தை நாம் எவ்வளவு தாமதமாகப் புரிந்துகொண்டோம் என்பதைப் பின்னர் சொல்கிறோம்.

பக்தாதும் தில்லியும்

ஹிஜ்ரி 334இல், அதாவது கி.பி. 945இல், புவைஹி மன்னர் முஇஸ்ஸுத் தவ்லா பக்தாதைக் கைப்பற்றினார். தம் சகோதரருக்கு விரைந்து செய்தி அனுப்ப அவர் ஓட்டத் தூதர்களை ஊக்குவித்தார். அவர்களில் ஃபள்ல், மர்ஊஷ் என்ற இருவர் பெரும் புகழ் பெற்றனர். ஒரே நாளில் நாற்பது ஃபர்ஸகுக்கு மேல் ஓடினர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இது 200 கிலோமீட்டரைத் தாண்டும் கணக்கு. சற்று மிகையாகவும் இருக்கலாம். ஏழைப் பெற்றோர் தம் பிள்ளைகளை ஓட்டம் பழக ஒப்படைக்கும் அளவுக்கு அந்நகரில் மோகம் பரவியது. ஓட்டம் அங்கே பிழைப்புக்கான வழியாகிவிட்டது. வருத்தமான செய்தி என்னவென்றால், மக்கள் இருவரில் ஒருவரை சுன்னிகளின் ஓட்டக்காரர் என்றும், மற்றவரை ஷீஆக்களின் ஓட்டக்காரர் என்றும் பிரித்து மோதிக்கொண்டார்கள். தெருவுக்குத் தெரு அணி சேர்த்து, விளையாட்டின் பெயரால் பகை வளர்ப்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் இப்படியோர் அமைப்பு இருந்தது. 1333இல் சிந்து நதியை வந்தடைந்து, பின்னாளில் நம் மதுரைக்கும் வந்து சென்ற பயணி இப்னு பதூதா, முஹம்மது பின் துக்ளக் ஆட்சியின் அஞ்சல் முறையை வியந்து எழுதியிருக்கிறார். குதிரை அஞ்சலுக்கு நான்கு மைலுக்கு ஒரு நிலையம். கால் அஞ்சலுக்கோ ஒரு மைலுக்குள்ளேயே மூன்று நிலையங்கள். ஓட்டக்காரர் ஒரு கையில் கடிதமும், மறு கையில் உச்சியில் செப்பு மணிகள் கட்டிய கோலும் ஏந்தி முழு வேகத்தில் ஓடுவார். மணியோசை கேட்டதும் அடுத்த நிலையத்தவர் ஆயத்தமாகி, கடிதத்தை வாங்கிக்கொண்டு பாய்வார். இந்தக் கால் அஞ்சல் குதிரை அஞ்சலைவிட விரைவானது என்கிறார் இப்னு பதூதா. குராசானின் பழங்களும் இவ்வழியே சுல்தானுக்கு வந்தன. நாற்பது நாள் பயணத் தொலைவிலுள்ள தவ்லதாபாதுக்குக் கங்கை நீரும் இவ்வாறே சென்றது.

குதிரையை மனிதக் கால் எப்படி முந்தியது? ஒருவர் ஓடவேண்டிய தூரம் மைலில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. எவரும் தம் வலிமைக்கு மீறி ஓட வைக்கப்படவில்லை. தொடரோட்டத்தை இன்றும் அஞ்சலோட்டம் என்று நம் மொழியில் சொல்வதுண்டு. அந்தச் சொல்லில் பழைய தபால்காரரின் காலடியோசை கேட்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் சோதனைகள்

ஓட்டப் பயிற்சியை அறிவியலாக ஆராய்ந்த நூற்றாண்டு இருபதாம் நூற்றாண்டு. அங்கும் இதே இரு வழிகள் எதிரெதிரே நின்றன. 1930களில் சுவீடனின் பயிற்சியாளர் யோஸ்டா ஹோல்மேர் ஃபார்ட்லெக் என்ற முறையை உருவாக்கினார். வேக விளையாட்டு என்பது அதன் பொருள். காட்டுப் பாதையில் ஓடுபவர் மனம் போல் வேகம் கூட்டுவார்; மனம் போல் தளர்த்துவார். அதே காலத்தில் ஜெர்மனியின் வோல்டமார் கெர்ஷ்லர், மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டெல் இருவரும் இடைவெளிப் பயிற்சியை வகுத்தனர். குறித்த தூரம் ஓடி, இதயத் துடிப்பு குறித்த அளவுக்குத் தணிந்த பின்னரே அடுத்த ஓட்டம். ஒன்று மனத்தை நம்பியது; மற்றொன்று கடிகாரத்தை நம்பியது.

செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாட்டோபெக் 400 மீட்டர் ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடிப் பழகியவர். 1952இல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அவருக்கு முன்னரே, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் மாரத்தானில் பிரான்சுக்காக ஓடித் தங்கம் வென்றவர் அல்ஜீரியாவின் பூகரா அல் வாஃபி என்னும் நம் சமுதாயச் சகோதரர். படைவீரராக இருந்து, பிறகு பாரிஸில் ரெனோ கார் தொழிற்சாலையில் உழைத்தவர். பெரும் நிறுவனங்களின் ஆதரவின்றி ஒரு தொழிலாளி உலகை வென்ற வரலாறு அவருடையது.

நம் நாட்டின் மில்கா சிங் இரு வழிகளும் ஒருவரிடம் இணைந்ததற்குச் சான்று. சிறுவயதில் பள்ளிக்குச் செல்ல நெடுந்தூரம் கால்நடையாகப் போய்வந்தார். 1947 பிரிவினையின் வன்முறையில் பெற்றோரை இழந்தார். ராணுவத்தில் சேர மூன்று முறை முயன்று தோற்று, நான்காம் முறை சேர்ந்தார். செகந்திராபாதில் புதிய வீரர்களுக்காக நடத்தப்பட்ட ஆறு மைல் ஓட்டத்தில் ஆறாவதாக வந்து, பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1958இல் காமன்வெல்த் தங்கம். 1960இல் ரோம் ஒலிம்பிக் 400 மீட்டரில் நான்காம் இடம். கட்டற்ற ஓட்டம் அவருக்குக் காலைக் கொடுத்தது. ராணுவப் பயிற்சி அந்தக் காலுக்குத் திசை கொடுத்தது. நம் தமிழகத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஜி. லட்சுமணன், பயிற்சியாளர் லோகநாதனின் வழிகாட்டலில் வளர்ந்து, 2017 புவனேஸ்வர் ஆசிய தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். சிற்றூரில் பிறந்தவருக்கும் ஓர் உஸ்தாத் கிடைத்தால் வழி திறக்கும் என்பதற்கு அவர் அண்மைக்காலச் சான்று.

நம் கையால் நேர்ந்த பிழை

இவ்வளவும் படித்த பின் நாமும் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினோம். கைப்பேசியில் கிடைத்த அட்டவணை ஒன்றை எடுத்து, பத்து வயதுச் சிறுவர் முதல் பதினெட்டு வயது இளைஞர் வரை எல்லோருக்கும் அதையே விதித்தோம். மூன்று வாரங்கள் கடந்தன. சிறுவர்கள் அஸருக்குப் பின் நம் கண்ணில் படாமல் ஒளியத் தொடங்கினார்கள். ஆற்றுமணலில் கேட்ட சிரிப்பு நின்றது. காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், முன்னங்கால் எலும்பில் வலி என்று நொண்டத் தொடங்கினார். இரண்டு மாதங்கள் ஓடக்கூடாது என்றார் மருத்துவர். அவ்வாண்டுத் தேர்வு அவருக்குக் கைநழுவியது.

அவருடைய தந்தை டேனரியில் பட்டைத் தொட்டி வேலை பழகியவர். நம்மைக் கடிந்துகொள்ள அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் கடிந்துகொள்ளவில்லை. "ஹஜ்ரத், தோலைக்கூட நாங்க முதல் நாளே கெட்டிப் பட்டைத் தண்ணியில போட மாட்டோமே" என்று மட்டும் சொன்னார். நாம் தலைகுனிந்தோம்.

அவர் சொன்னதன் பொருளை நம் வட்டாரத்தார் எளிதில் அறிவார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் பழைய முறையில், சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வந்து சுத்தம் செய்த தோலை முதலில் நீர்த்த பட்டைத் தண்ணீரில் போடுவார்கள். நாட்கள் செல்லச் செல்ல அதைவிடச் செறிவான தொட்டிக்கு மாற்றுவார்கள். எடுத்த எடுப்பில் செறிவான தண்ணீரில் போட்டால் மேற்பரப்பு மட்டும் இறுகிவிடும். உள்ளே பட்டைச் சாறு இறங்காது. வெளியே பதப்பட்டதாகத் தோன்றும் தோல் உள்ளே பச்சையாகவே இருக்கும். அதைத் தைத்துக் காலணி செய்தால் எத்தனை நாள் தாங்கும்? நம் பாட்டனார்கள் அறிந்திருந்த இந்த உண்மையை, பிள்ளைகளின் எலும்பு விஷயத்தில் நாம் மறந்துவிட்டோம். பயிற்சி பெறாத குதிரையை ஹஃப்யாவிலிருந்து ஓட விட்டதற்கு ஒப்பான பிழை அது.

சிறிதாயினும் தொடர்ந்து

அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான நற்செயல், அளவில் குறைவாயினும் நிலையாகச் செய்யப்படுவதே என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பள்ளிவாசலில் இரு தூண்களுக்கிடையே கட்டியிருந்த கயிற்றைப் பற்றிக் கேட்டபோது, தொழுகையில் தளர்ச்சி ஏற்பட்டால் பிடித்துக்கொள்ள அன்னை ஸைனப் (ரலி) கட்டியது என்றார்கள். அதை அவிழ்த்துவிடச் சொல்லி, உற்சாகம் உள்ளவரை தொழுங்கள், தளர்ந்தால் அமர்ந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) இளமையில் எல்லா நாளும் நோன்பு நோற்க விரும்பினார்கள். உடலுக்கும் கண்ணுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தும், மேலும் மேலும் அனுமதி கேட்டார்கள். முதுமையில், அன்றே அந்தச் சலுகையை ஏற்றிருக்கலாமே என்று வருந்தினார்கள். வணக்கத்திற்கே இந்த அளவு என்றால், ஓட்டத்திற்கு அளவு வேண்டாமா?

மதரஸாவில் குர்ஆன் மனனம் செய்யும் முறையிலேயே இதற்கான வழி இருக்கிறது. அன்றைய புதுப்பாடம் சபக். அண்மையில் ஓதியது சபக் பாரா. பழைய பாடம் ஆமூக்தா. புதுப்பாடம் எல்லோருக்கும் ஒரே அளவில் தரப்படுவதில்லை. ஒரு பிள்ளைக்கு மூன்று வரி; மற்றொரு பிள்ளைக்கு ஒரு பக்கம். பழையது உறுதிப்படாமல் புதியதைக் கூட்டுவதும் இல்லை. இந்த ஒழுங்கை நாள்தோறும் கடைப்பிடிக்கும் நாமே, மைதானத்தில் அதை மறந்தது வியப்பு.

இப்போது நம் நடைமுறை இது. பதின்மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அட்டவணை கிடையாது. அவர்கள் பழையபடி ஆற்றுமணலில் விருப்பம்போல் ஓடுகிறார்கள். 5 முதல் 17 வயதுவரை உள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் அசைந்து இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிறுவர்களுக்கு அது விளையாட்டிலேயே கிடைத்துவிடும். தேர்வு நோக்கம் கொண்ட இளைஞர்களுக்கு மட்டும், ஓட்டம் அறிந்த ஒருவரின் மேற்பார்வையில், ஆளுக்கேற்ற திட்டம். ஒரு நாள் கடின ஓட்டம் என்றால் மறுநாள் மெல்லோட்டம். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. ஒரு நாள் சுவீடன்காரர் சொன்னதுபோல் மனம் போன வேகம். வலி வந்தால் அன்றே நிறுத்தம். ரமளானில் ஓட்டம் குறையும். அதில் குற்றம் இல்லை.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊர்களில் தைக்கப்படும் காலணிகள் கடல் கடந்து போகின்றன; அவற்றை அணிந்து அங்குள்ளோர் ஓடுகிறார்கள், நடக்கிறார்கள். தைத்த நாமோ பிரியாணிக்கும் மக்கன் பேடாவுக்கும் பேர் பெற்ற ஊர்களில் அமர்ந்து, சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்குகிறோம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. ஃபஜ்ருக்குப் பின் அரைமணி நேரம் விரைந்து நடப்பதை எவரும் தொடங்கலாம். அன்னை ஆயிஷா (ரலி) ஓடியதை அறிந்த சமுதாயம், தன் பெண்மக்களை வீட்டுக்குள்ளேயே நோயாளிகளாக்கிவிடக் கூடாது. கண்ணியத்தோடு நடக்கவும் ஓடவும் அவர்களுக்கு இடம் அமைத்துத் தருவது, ஜமாஅத் நிர்வாகிகள் தம் கூட்டங்களில் பேசவேண்டிய விஷயம்.

நொண்டிய அந்த மாணவர் இப்போது மீண்டும் ஓடுகிறார். முதல் வாரம் நடந்தார். இரண்டாம் வாரம் நடையும் மெல்லோட்டமுமாகக் கலந்தார். இந்த ஆண்டு மறுபடியும் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார். சென்ற வாரம் ஆற்றங்கரையில் அவரைக் கவனித்தோம். முதல் சுற்றில் மற்றவர்கள் அவரைத் தாண்டிச் சென்றார்கள். அவர் வேகம் கூட்டவில்லை. ஸலமா (ரலி) அவர்களைப்போல மூச்சைக் காத்துக்கொண்டு ஓடினார். தொட்டியடியில் நிற்கும் அவருடைய தந்தைக்காகவும் அவருக்காகவும் துஆச் செய்யுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உடலுக்கு வலிமையையும், உள்ளத்துக்குப் பொறுமையையும், அவர்களைப் பயிற்றுவிக்கும் நமக்கு நிதானத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.